நடுரோட்டில் நின்ற லாரிக்குக் கை கொடுப்பது எப்படி? தொப்பூர் முதல் ஓசூர் வரை ஓடுபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காரிமங்கலத்துக்குப் பக்கத்தில், பைபாஸ் ஓரமாக, பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் 19 வருஷம் லாரி ஓட்டினேன். முதல் மூன்று வருஷம் கிளீனர், அப்புறம் ஸ்டியரிங். கடைக்கு வரும் சின்னப் பையன்கள் இப்போது ஒரே ஆளாக வண்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். கிளீனர் இல்லை. பக்கத்து சீட்டில் தண்ணீர் கேனும் போர்வையும்தான் உட்கார்ந்திருக்கின்றன. வண்டி நின்றுவிட்டால் உதவிக்கு ரோட்டில் போகிற இன்னொரு டிரைவரை விட்டால் வேறு ஆள் இல்லை. அவனுக்கோ, நிறுத்தினால் என்ன செய்வது, எங்கே நிறுத்துவது, எதைத் தொடக்கூடாது என்று சொல்லிக்கொடுக்க யாரும் இருந்திருக்க மாட்டார்கள். எங்களுக்கு மாமன், மச்சான், குருநாதர் என்று ஒருவர் தலையில் தட்டிச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

நான் சொல்வது முக்கியமாக என்.எச். 44 ரோட்டுக்கு. ஸ்ரீநகரில் தொடங்கி கன்னியாகுமரியில் முடிகிற அதே ரோடு ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், காரிமங்கலம், தருமபுரி வழியாகத் தொப்பூரில் இறங்கிச் சேலம் போகிறது. சென்னையிலிருந்து வருகிற ரோடும் திண்டிவனத்திலிருந்து வருகிற ரோடும் கிருஷ்ணகிரியில் வந்து சேர்ந்துகொள்ளும். கிரானைட் கல், மாம்பழம், ராயக்கோட்டைத் தக்காளி, நாமக்கல் முட்டை, ஓசூர் கம்பெனிச் சாமான், வடக்கே போகிற சரக்கு, தெற்கே வருகிற சரக்கு எல்லாம் இந்த ஒரே தார்மேல்தான். அதனால் இங்கே ஒரு வண்டி நின்றால் பின்னால் வருவது பஞ்சாப் வண்டியா, ஆந்திரா வண்டியா என்று சொல்லவே முடியாது.

வண்டியில் முதலில் என்ன இருக்க வேண்டும்

உதவி செய்யப் போகிறவனிடமே ஜாக்கி இல்லையென்றால் பேச்சுத் துணைக்குத்தான் ஆவான். நல்ல ஹைட்ராலிக் ஜாக்கி, அதன் அடியில் வைக்க ஒரு முழ நீளக் கெட்டிப் பலகை, வீல் ஸ்பேனரும் அதற்கு நீட்டுப் பைப்பும், சக்கரத்துக்குக் கட்டை இரண்டு, ஒளிரும் முக்கோணம் இரண்டு, டார்ச், ஒளிரும் பட்டை வைத்த மேல்சட்டை, ஏர் டியூப் பத்து மீட்டர், நைலான் கயிறு, தீயணைப்பான், பழைய வெள்ளைத் துண்டு நான்கு. வெள்ளைத் துண்டு எதற்கு என்று கேட்காதீர்கள், விபத்துப் பகுதியில் சொல்கிறேன். சக்கரக் கட்டையை மட்டும் மரத்தில் செய்து வைத்துக்கொள்ளுங்கள். ரோட்டோரக் கல் போதும் என்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. அதற்குக் காரணம் கடைசியில் வரும்.

நிற்பதா, தாண்டிப் போவதா

எல்லா வண்டிக்கும் நின்றுகொண்டிருந்தால் லோடு போய்ச் சேராது. அப்படி யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. நின்றே ஆக வேண்டியது மூன்று இடத்தில்: ஆளுக்கு அடி, புகை அல்லது தீ, பார்வைக்குத் தெரியாத வளைவிலோ இறக்கத்திலோ லேனை அடைத்து நிற்கிற வண்டி. மற்றபடி டயர் பஞ்சர், இன்ஜின் கோளாறு என்று ஓரமாக ஒதுங்கி இண்டிகேட்டர் போட்டு நிற்பவருக்கு, வேகத்தைக் குறைத்துக் கண்ணாடி வழியாகக் கட்டை விரலைத் தூக்கி ‘சரியா?’ என்று கேட்டால் போதும். அவர் கையை ஆட்டினால் போய்விடலாம். இரண்டு கையையும் மேலே தூக்கினால் நிற்க வேண்டும்.

நிற்க முடியாத நிலை என்றால் அதற்கும் வேலை இருக்கிறது. கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். எந்தத் திசை, எந்த எண் என்று மனதில் வைத்துக்கொண்டு அடுத்த டீக்கடையிலோ டோலிலோ சொல்லுங்கள். 1033 தேசிய நெடுஞ்சாலைக்கான உதவி எண், ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள். கிரேன், ரோந்து வண்டி, ஆம்புலன்ஸ் மூன்றுக்கும் அதில் சொல்லலாம். ‘தருமபுரிகிட்ட ஒரு லாரி’ என்று சொன்னால் அவர்கள் தேடியே அரை மணி போய்விடும். கல்லின் எண், சேலம் போகிற பக்கமா ஓசூர் போகிற பக்கமா, பக்கத்துப் பாலம் அல்லது பங்க், இந்த மூன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நிறுத்துகிற முறை

இதில்தான் ஆட்கள் செத்திருக்கிறார்கள். உதவி செய்ய நின்றவனே பின்னால் வந்த வண்டியில் அடிபட்ட கதை இந்த ரோட்டில் ஒன்றிரண்டு இல்லை.

நின்ற வண்டிக்கு நேர் பின்னால் ஒட்டி நிறுத்தாதீர்கள். பின்னால் வருபவன் உங்களை இடித்தால் நீங்கள் முன் வண்டியை இடிப்பீர்கள், நடுவில் ஜாக்கி போட்டுக் குனிந்திருக்கும் ஆள் சப்பாத்தி ஆவான். முன்னால் போய், 30, 40 மீட்டர் தள்ளி, முழு வண்டியும் வெள்ளைக் கோட்டுக்கு இடப்பக்கம் வருகிற மாதிரி ஒதுக்குங்கள். சக்கரத்தை ரோட்டுக்கு வெளியே திருப்பி வைத்து, கட்டை போட்டு, நான்கு இண்டிகேட்டரும் போட்டுவிட்டு இடது கதவு வழியாக இறங்குங்கள். வலது கதவைத் திறந்து குதிக்கிற பழக்கத்தை முதலில் விடுங்கள்.

அடுத்தது முக்கோணம். முக்கோணத்தை வண்டியின் பின் பம்பரில் சாய்த்து வைக்கிற ஆட்களை நான் தினமும் பார்க்கிறேன். கணக்கைப் பாருங்கள். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரி ஒரு நொடியில் 22 மீட்டர் தாண்டும். 50 மீட்டர் என்றால் இரண்டே கால் நொடி. தூக்கக் கலக்கத்தில் இருப்பவன் ‘ஏதோ மின்னுதே’ என்று நினைக்கவே அந்த நேரம் சரியாகப் போய்விடும். நேர் ரோட்டில் 100 மீட்டர், அதாவது சுமாராக 130 எட்டு. வளைவோ இறக்கமோ என்றால் வளைவுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று. அதை வைக்கப் போகும்போது தாருக்கு வெளியே மண்ணில், வருகிற வண்டிகளைப் பார்த்தபடி நடங்கள். முக்கோணம் இல்லையா, வேப்பங்கிளையோ புளியங்கிளையோ ஒடித்துப் போடுங்கள். பச்சை இலை ரோட்டில் கிடந்தால் எந்த மாநிலத்து டிரைவருக்கும் புரியும், வண்டி ஏறினாலும் ஒன்றும் ஆகாது.

இரண்டு பேர் இருந்தால் ஒருவர் வேலை செய்ய, இன்னொருவர் பின்னால் வரும் வண்டிகளைப் பார்த்தபடி டார்ச்சோடு நிற்க வேண்டும். அந்த ஆள் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கக்கூட வரக்கூடாது.

தொப்பூர் இறக்கம்

தருமபுரியிலிருந்து சேலம் போகும்போது பாளையம் டோல் தாண்டியதும் ரோடு இறங்கத் தொடங்கும். கட்டமேடு, இரட்டைப் பாலம் என்று வளைந்து வளைந்து கீழே போகும். 2020 டிசம்பரில் சிமென்ட் ஏற்றிய லாரி ஒன்று வரிசையாகப் பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை இடித்து நான்கு பேர் போனார்கள். 2024 ஜனவரியில் மறுபடியும் லாரிகளும் காரும் மோதி நான்கு பேர். கேமராவில் பதிவான அந்தக் காட்சி எல்லோர் போனிலும் சுற்றியது.

இங்கே வண்டி கையை மீறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். நியூட்ரல். டீசல் மிச்சம் என்று கியரை எடுத்துவிட்டு உருட்டுகிறார்கள். வேகம் ஏற ஏற பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிரேக் லைனர் சூடாகும், அது உரசிப் பிடிக்கிற டிரம் விரியும், மிதித்தால் பிடிக்காது. அடிக்கடி மிதித்தால், பிரேக்கை இயக்குகிற ஏரும், அதாவது காற்றும், டேங்கில் இறங்கும். பெரும்பாலான வண்டிகளில் ஏர் மீட்டர் 5-ஐ ஒட்டி வந்ததும் பஸ்ஸர் கத்தத் தொடங்கும். அதற்குள் வேலை முடிந்திருக்கும்.

டீசல் மிச்சம் என்பதே தப்பான கணக்கு. இப்போது வருகிற வண்டிகளில் கியரில் வைத்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பம்ப் டீசலையே நிறுத்திவிடும், சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றும். நியூட்ரலில் போட்டால் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது நியூட்ரலில்தான் டீசல் போகிறது! இதை எத்தனை பேரிடம் சொன்னாலும், ‘அண்ணே, எங்க ஓனர் சொல்லியிருக்காரு’ என்பார்கள். ஓனரையும் கடைக்குக் கூட்டிவரச் சொல்லுங்கள், டீ வாங்கிக்கொடுத்துச் சொல்கிறேன்.

ஏற எந்த கியரோ, இறங்கவும் அந்த கியர். இது பழைய டிரைவர்கள் வாய்ப்பாடு. டோலிலேயே கியரைக் குறைத்து, இன்ஜின் புகையை அடைத்து வேகத்தைக் குறைக்கிற எக்ஸாஸ்ட் பிரேக்கைப் போட்டு, 30-க்கு மேல் விடாமல் இறங்குங்கள். சூளகிரிக்குப் பக்கத்தில் மேலுமலை இறக்கத்துக்கும் இதே கணக்குதான்.

சரி, உங்கள் முன்னால் போகிற லாரியின் பின் சக்கரத்தில் புகை வருகிறது, அல்லது கருகின நெடி அடிக்கிறது. என்ன செய்வது? ஹார்ன் அடித்துக்கொண்டே ஒட்டிப் போகாதீர்கள், அவன் பயந்து இன்னும் அழுத்தி மிதிப்பான். நேரான இடம் பார்த்துப் பக்கவாட்டில் வந்து, கையால் சக்கரத்தைக் காட்டி, அப்புறம் மூக்கைப் பிடித்துக் காட்டுங்கள். எனக்கு அப்படித்தான் ஒருவர் காட்டினார். ஒரு மழைக்காலம், பெங்களூர் லோடு, கோயம்புத்தூர் போகிறேன். ஆந்திரா நம்பர் வண்டி, பக்கத்தில் வந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு இடது பின் சக்கரத்தைக் காட்டினார். ஒதுக்கிப் பார்த்தால் டிரம்மில் மழைத்துளி விழுந்து சர்ர் என்று ஆவியாகிறது. எனக்குத் தெலுங்கு தெரியாது, அவருக்குத் தமிழ் அரைகுறை. ஒரு மணி நேரம் கூடவே இருந்தார். பாதியில் ஆவக்காய் பிசைந்த சோற்றை மூடியில் வைத்துக் கொடுத்தார். அந்தக் காரம் இன்னும் நாக்கில் இருக்கிறது.

சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு, முக்கால் மணியாவது தானாக ஆற விடுங்கள். டயரே பற்றிக்கொண்டால் பக்கவாட்டில் நிற்கக்கூடாது. வெடித்தால் அந்தப் பக்கம்தான் அடிக்கும். முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ சாய்வாக வந்து தீயணைப்பானை அடியுங்கள். அணைந்த பிறகும் தூரத்திலிருந்து தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், உள்சூடு மறுபடி பற்றவைக்கும்.

பின்னால் ஒரு வண்டி ஹெட்லைட்டை விடாமல் அடித்துக்கொண்டு, ஹார்னில் கையை வைத்தபடி வந்தால் அது திமிர் என்று நினைக்காதீர்கள். பிரேக் போயிருக்கும். இடது பக்கம் ஒதுங்கி வழி விடுங்கள், முன்னால் உள்ளவர்களுக்கு உங்கள் இண்டிகேட்டரைப் போட்டுக் காட்டுங்கள். முன்னால் போய்த் தன் வண்டியின் முதுகைக் கொடுத்து நிறுத்தினேன் என்று பெருமை பேசுகிற கதைகளைக் கேட்டிருக்கிறேன். தப்பிப் பிழைத்தவர்கள் சொல்லித்தானே கதை நமக்கு வருகிறது. அதைச் செய்ய வேண்டாம்.

பிரேக் போன வண்டி உங்களுடையதாக இருந்தால், இன்ஜினை அணைக்கவே கூடாது. அணைத்தால் ஸ்டியரிங் கல்லாகிவிடும், கம்ப்ரசரும் நின்றுவிடும். ஆக்சிலரேட்டர் கொடுத்து ஒவ்வொரு கியராகக் கீழே இறக்குங்கள். மலையோர மண்ணில் பக்கவாட்டாக உரசி நிறுத்துங்கள். பள்ளப் பக்கம் வேண்டாம், முன் வண்டியும் வேண்டாம்.

டயர் கழற்றுவது

என் தொழில் என்பதால் இதில் கொஞ்சம் கறாராகவே பேசுவேன்.

ஜாக்கி ஏற்றுவதற்கு முன்பே நட்டைத் தளர்த்த வேண்டும். சக்கரம் தூக்கியபின் ஸ்பேனரில் ஏறிக் குதித்தால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். பழைய வண்டிகள் சிலவற்றில் இடது பக்கச் சக்கரத்துக்கு மரை தலைகீழாக இருக்கும். நட்டு அசையவில்லை என்றால் பைப் போட்டு இன்னும் பலமாக அழுத்துவதற்கு முன் மரையைப் பாருங்கள். மண்ணில் ஜாக்கி வைக்கிறீர்கள் என்றால் பலகை கட்டாயம். மழை பெய்த மறுநாள் ரோட்டோர மண் அல்வா மாதிரி. லோடு வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். விட்டே ஆக வேண்டும் என்றால் கழற்றிய டயரை அடியில் படுக்கப் போட்டுவிட்டு விடுங்கள்.

டயரைப் பிடித்துவைக்கத் தனி இரும்பு ரிங் வைத்த பழைய டிஸ்க் (டயர் உட்காரும் இரும்புச் சக்கரம்) என்றால் ரோட்டோரத்தில் பிரிக்கவே வேண்டாம். இரட்டைச் சக்கரத்தில் உள் டயர் என்றால் நட்டைத் தொடுவதற்கு முன்பே இரண்டு டயரிலும் காற்றை முழுக்க இறக்குங்கள். டிஸ்க் உடைந்திருந்தால் நட்டு கழன்றதும் ரிங் பறக்கும். எங்கள் தொழிலில் கையும் முகமும் போனவர்கள் எல்லாம் இந்த ரிங்கினால்தான்.

மாட்டும்போது நட்டை எதிரெதிராக முறுக்குங்கள். 50 கிலோமீட்டர் போனதும் நிறுத்தி மறுபடி ஒரு முறுக்கு. நீங்கள் உதவி செய்த டிரைவரிடம் இதைச் சொல்லி அனுப்ப வேண்டும். கிருஷ்ணகிரியில் மாட்டினால் தருமபுரியில் பார்க்கச் சொல்லுங்கள், ஞாபகம் இருக்கும்.

டீசல், பேட்டரி, ஏர்

டீசல் கொடுப்பது ஒரு காலத்தில் சாதாரணம். வாயில் டியூபை வைத்து உறிஞ்சுவார்கள். நானும் செய்திருக்கிறேன், ஒருமுறை உள்ளே போய் மூன்று நாள் நெஞ்சு எரிந்தது. நுரையீரலுக்குள் போனால் எரிச்சலோடு நிற்காது. கை பம்ப் 200, 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது. டீசல் ஊற்றியதும் செல்ஃபை அடித்துக்கொண்டே இருக்காதீர்கள், லைனில் காற்று அடைத்திருக்கும். இன்ஜின் பக்கத்தில் டீசல் லைனிலேயே இருக்கிற ஹேண்ட் பம்பை அது கெட்டியாகும் வரை அழுத்திவிட்டு அப்புறம் செல்ஃப். புதுப் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது டீசல் பைப்பில் எதையும் தளர்த்தக்கூடாது. அந்த அழுத்தத்தில் டீசல் ஊசி மாதிரி தோலுக்குள் இறங்கும்.

அதே வண்டிகளுக்குப் புகையைச் சுத்தப்படுத்துகிற யூரியாக் கரைசலுக்கு ஒரு டேங்கும் உண்டு. அது தீர்ந்தால் இன்ஜின் இழுக்காது. உரக்கடை யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பங்கில் கேனில் விற்பதை வாங்கிக் கொடுங்கள், அல்லது உங்கள் கேனில் இருப்பதைக் கொடுங்கள்.

பேட்டரிக்கு ஒயர் போடும்போது ஒரே விஷயம்: பெரிய லாரிகள் 24 வோல்ட், கார், சின்ன டெம்போ எல்லாம் 12. இரண்டையும் சேர்க்கக்கூடாது.

ஏர் கொடுப்பது பல பையன்களுக்குத் தெரிவதில்லை. ஏர் முழுக்க இறங்கினால் பின் சக்கரம் தானாகப் பூட்டிக்கொள்ளும், வண்டி அசையாது. உங்கள் வண்டி இன்ஜினை ஓடவிட்டு, டயருக்குக் காற்றடிக்கும் முனையிலிருந்து டியூப் போட்டு அந்த வண்டி டேங்குக்கு ஏர் ஏற்றலாம். பிரேக் விட்டதும் உருளும் என்பதால் அதற்கு முன்பே கட்டை போட்டிருக்க வேண்டும். ஏர் ஏற ஏற எங்கே ‘உஸ்’ என்று கசிகிறது என்பதும் தெரிந்துவிடும்.

கட்டி இழுப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன்: முடிந்தவரை வேண்டாம், கிரேனைக் கூப்பிடுங்கள். லேனிலிருந்து ஓரத்துக்கு எடுக்க மட்டும் என்றால் இரும்புக் கம்பியால் கட்டி மெதுவாக எடுங்கள். அதைத் தாண்டித் தூரம் போவதென்றால் கியர்பாக்ஸிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகிற தண்டின் ஜாயிண்ட்டைக் கழற்றாமல் இழுத்தால் கியர்பாக்ஸ் ஆயில் சுற்றாமல் வெந்துபோகும். இறக்கத்தில் இழுக்கவே கூடாது.

விபத்து என்றால்

முதலில் உங்கள் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்துவது, அடுத்தது முக்கோணம், அப்புறம்தான் அடிபட்டவரிடம் ஓடுவது. மனசு கேட்காது, ஆனாலும் இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஓடும்போதே 108.

டேங்கர் கவிழ்ந்திருந்தால் ஓடிப்போகும் முன் அதன் ஆரஞ்சுப் பலகையைத் தூரத்திலிருந்தே படியுங்கள். 1203 என்றால் பெட்ரோல், 1075 என்றால் சமையல் எரிவாயு. எண்ணை அப்படியே போனில் சொல்லுங்கள். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாக விலகி நில்லுங்கள், பீடி பற்ற வைப்பவன் கையைத் தட்டிவிடுங்கள்.

கேபினில் மாட்டிய டிரைவரைக் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். தீயோ கசிவோ இல்லாவிட்டால் அவர் அங்கேயே இருக்கட்டும். கழுத்தை அசைக்க விடாமல் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருங்கள். ரத்தம் கொட்டுகிற இடத்தில் அந்த வெள்ளைத் துண்டை மடித்து வைத்து அழுத்துங்கள், அதுவும் நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்று. வெள்ளை ஏன் என்றால், எவ்வளவு ரத்தம் போகிறது என்று பார்த்தவுடன் தெரியும். தண்ணீர் கேட்பார். கொடுக்கக்கூடாது. ஆபரேஷனுக்குப் போக வேண்டியவராக இருக்கலாம், நினைவு தப்பினால் புரையேறும். உதட்டை மட்டும் நனையுங்கள்.

‘போலீஸ், கேஸ் என்று இழுப்பார்கள்’ என்கிற பயம் இன்னும் போகவில்லை. உச்ச நீதிமன்றம் 2016-லேயே உதவி செய்பவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று சொல்லிவிட்டது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்ற பிரிவாக அதைச் சேர்த்தார்கள். நல்லெண்ணத்தோடு உதவி செய்தவர்மேல் வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லவும் கட்டாயப்படுத்த முடியாது. ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு நீங்கள் லோடைப் பார்த்துக்கொண்டு போகலாம். சாட்சி சொல்வது உங்கள் விருப்பம்.

இடித்த வண்டியின் டிரைவருக்கு வேறு கணக்கு. 134-ஆம் பிரிவுப்படி அடிபட்டவருக்கு வைத்தியத்துக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீசில் சொல்ல வேண்டும். கூட்டம் அடிக்க வருகிறது என்றால் நேராக ஸ்டேஷனுக்குப் போகச் சொல்லுங்கள், ஓடி ஒளியச் சொல்லாதீர்கள். கூட்டத்துக்கு நடுவில் இன்னொரு டிரைவராக நீங்கள் போய் நிற்பதே பல சமயம் அவரைக் காப்பாற்றும். ‘மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போகட்டும் அண்ணே, அப்புறம் பேசலாம்’ என்று ஊர்ப் பெரியவர் ஒருவரைப் பார்த்து அமைதியாகச் சொல்லுங்கள். இளவட்டங்களிடம் வாக்குவாதம் வேண்டாம்.

காசுக்கு யோசிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டால் போதும், எந்த மாநிலத்து ஆளாக இருந்தாலும் சரி. பஞ்சாப் டிரைவர்களுக்கு இது தெரியாது, நாம்தான் சொல்ல வேண்டும். மத்திய அரசும் 2025 மே மாதத்திலிருந்து ஏழு நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் வரை என்று ஒரு திட்டம் கொண்டு வந்திருக்கிறது. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன.

கவிழ்ந்த லாரியிலிருந்து சாமான் அள்ளுவதைப் பற்றி என்ன சொல்ல. தக்காளி, கோழி, எண்ணெய் டின், எதையும் விடுவதில்லை. உள்ளே ஒருவன் மாட்டிக்கொண்டு முனகுகிறான், வெளியே ஒருவன் வீடியோ எடுக்கிறான். அந்த இடத்தில் டிரைவர்கள் இரண்டு பேர் சேர்ந்து லோடைச் சுற்றி நின்றாலே பாதிக் கூட்டம் விலகும்.

நெஞ்சுவலி, காய்ச்சல், சாவு

டோலுக்குப் பக்கத்தில் காலையிலிருந்து ஒரே இடத்தில் நிற்கிற வண்டி, கேபின் திரை மூடியிருக்கிறது, மத்தியானம் ஆகியும் அசைவில்லை என்றால் கதவைத் தட்டிப் பாருங்கள். தூங்குபவர் திட்டுவார், திட்டட்டும். என் கடைக்கு எதிரில் அப்படித் தட்டியதில் ஒருவர் சர்க்கரை இறங்கி வியர்த்துக் கிடந்தார். டீயில் சர்க்கரையை அள்ளிப்போட்டுக் கொடுத்த பிறகுதான் தெளிந்தார்.

இறந்துவிட்டார் என்றால் ஓனருக்குச் சொல்வது, வீட்டுக்குச் சொல்வது, இரண்டையும் ஒரே ஆள் செய்யட்டும். வீட்டில் மனைவியிடம் நேரடியாகச் சொல்லாமல் அண்ணன், மச்சான் என்று ஆண் ஒருவர் எண்ணைப் போனில் தேடுவது எங்கள் பழக்கம். சரியோ தப்போ, அப்படித்தான் நடக்கிறது. வரிசையாக நிற்கிற லாரிகளில் துண்டு ஏந்தி வசூல் செய்தால் ஒருவரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். வசூலான தொகையை அங்கேயே எண்ணிச் சொல்லி, யாரிடம் கொடுத்தோம் என்று எழுதிப் போட்டோ எடுத்து வைக்க வேண்டும். வண்டிச் சாவி, பில், பணம் எல்லாவற்றையும் போலீஸ் முன்னிலையில் கொடுங்கள். அமைப்புசாரா ஓட்டுநர் நல வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா என்று குடும்பத்தைக் கேட்கச் சொல்லுங்கள், உதவித்தொகை கிடைக்கும்.

பாஷை தெரியாதவரிடம்

நான்கு சொல் போதும். இந்திக்காரரிடம் ‘ருகோ’ என்றால் நிறுத்து. ‘நியூட்ரல் மத் கரோ, கியர் மே ரகோ’ என்றால் நியூட்ரல் போடாதே, கியரில் வை. ‘துவான்’ புகை. தெலுங்குக்கு ‘ஆகு’ என்றால் நில், ‘கேர்லோ பெட்டு’ என்றால் கியரில் வை. கன்னடத்துக்கு ‘நில்லிசி’, நிறுத்துங்கள். பெரியவராக இருந்தால் எந்த பாஷையிலும் பின்னால் ஒரு ‘அண்ணா’ அல்லது ‘பாய்’ சேர்த்துக்கொள்ளுங்கள், அதட்டல் மாதிரி தெரியாது.

ஏமாற்றுக்காரர்கள்

உதவி என்ற பெயரில் வருபவர்கள் எல்லோரும் டிரைவர்கள் இல்லை. ராத்திரி தனியாகக் கை காட்டுபவன் பக்கத்தில் வண்டி இல்லை என்றால் நிற்காதீர்கள், அடுத்த வெளிச்சத்தில் நின்று 100-க்குச் சொல்லுங்கள். ‘உங்க டயர்ல புகை வருது’ என்று பைக்கில் வந்து சொன்னால் கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு, பங்கிலோ டோலிலோ போய் நிறுத்திப் பாருங்கள். இறங்கும்போது சாவியை எடுத்து, கேபினைப் பூட்டுங்கள். நீங்கள் முன்னால் குனிந்திருக்கும்போது பின்னால் படுதாவை அறுப்பார்கள். எனக்கு ஒருமுறை மூன்று மூட்டை போனது. ஓனர் பேட்டாவில் பிடித்துவிட்டார்.

டிரைவருக்கு டிரைவர் உதவி செய்ததற்குக் காசு வாங்குவதில்லை. ஊற்றிய டீசலுக்கும், கொடுத்த டியூபுக்கும் வாங்கலாம், அது நியாயம். கைவேலைக்கு டீ, ரொம்பக் கஷ்டமான வேலை என்றால் பரோட்டா.

கிளம்புவதற்கு முன்

சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல்லை எடுத்து ரோட்டுக்கு வெளியே, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் போட வேண்டும். இதற்காகத்தான் மரக்கட்டை வைத்துக்கொள்ளச் சொன்னேன். மரக்கட்டை காசு போட்டுச் செய்தது, அதனால் மறக்காமல் எடுப்போம். கல்லை யாரும் எடுப்பதில்லை. ஒரு மார்கழி விடியலில் என் கடைக்கு 200 மீட்டர் தள்ளி, லாரி ஒன்று விட்டுப்போன கல்லில் ஏறி, பால் கேன் கட்டிய டிவிஎஸ் விழுந்தது. ரோடெல்லாம் பால். ஓட்டி வந்த பெரியவருக்கு இடது தோள்பட்டை போய்விட்டது. என் 19 வருஷத்தில் எத்தனை கல்லை அப்படி விட்டுவிட்டு வந்தேன் என்று அன்றைக்கு எண்ணிப் பார்த்தேன். கணக்கு வரவில்லை.

கிளைகள், முக்கோணம், கழற்றிப்போட்ட நட்டு, கிழிந்த டயர்த் துண்டு எல்லாவற்றையும் டார்ச் அடித்துப் பொறுக்குங்கள். முக்கோணத்தைக் கடைசியாக எடுங்கள். நின்ற வண்டியை முதலில் கிளம்பவிட்டு, அது வேகம் பிடிக்கும் வரை பின்னாலேயே இண்டிகேட்டர் போட்டு நீங்கள் போங்கள்.

ஸ்பேனரோ ஜாக்கியோ இரவல் கொடுத்துவிட்டு நீங்கள் முன்னால் போக வேண்டி வந்தால், திருப்பிக் கொடுக்க ஒரு இடத்தைச் சொல்லிவிடுங்கள். எந்த டீக்கடை, எந்த பஞ்சர் கடை, எந்தப் பக்கம் என்று. என் கடைச் சுவரில் இப்போதும் இரண்டு ஸ்பேனர், ஒரு ஜாக்கி தொங்குகின்றன. ஜாக்கியின்மேல் சாக்பீஸில் ஒரு ராஜஸ்தான் நம்பர் எழுதியிருக்கிறது. கொடுத்துவிட்டுப் போனவர் வந்து எட்டு மாதம் ஆகிறது. அந்த நம்பர் வண்டியை எங்காவது பார்த்தால், காரிமங்கலத்தில் இருக்கிறது என்று சொல்லுங்கள்.